அந்நியன் பாறையும் மூன்று சிலந்தி மனிதர்களும்

தென்காசிக்குப் பக்கத்தில் சுந்தரபாண்டியபுரம். ஆடியில் சூரியகாந்தி பூத்துவிட்டால் போதும், ஆரியங்காவு, செங்கோட்டை வழியாகக் கேரளப் பதிவெண் கார்கள் வந்து வயலோரத்தில் நின்றுவிடும். பூவுக்கு நடுவே நின்று படம் எடுத்து முடித்தவர்கள் அடுத்துக் கேட்பது ‘அந்நியன் பாறை’ எங்கே என்றுதான். ‘ரோஜா’ எடுத்த ஊரும் இதுதான் என்றால் தலையாட்டிக்கொள்வார்கள். கால் போவதென்னவோ பாறைப் பக்கம். 2005இல் வெளிவந்த ‘அந்நியன்’ படத்தின் ஒரு பாட்டுக்காக ஷங்கர் வீட்டுச் சுவர், சாலை, லாரி, பாறை என்று கண்ணில் பட்டதற்கெல்லாம் வண்ணம் அடிக்க வைத்தார். பாறைகளில் தமிழ் நடிகர்களின் முகங்கள் வரையப்பட்டன. படக்குழு கிளம்பிப்போய் இருபது வருஷம் கடந்தும் பாறைக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது.

அந்நியனைச் சூப்பர்ஹீரோ என்று சொல்லலாமா? அவனுக்குப் பறக்கத் தெரியாது, சிலந்தியும் கடிக்கவில்லை. ஆனால் இரட்டை வாழ்க்கை இருக்கிறது. பகலில் ஊரார் கேலிசெய்யும் அம்பி, இரவில் முகத்தை மறைக்கும் தலைமுடி, இணையதளத்தில் வந்து குவியும் புகார்கள், கருட புராணத்திலிருந்து எடுத்த தண்டனைகள். முகமூடிக்காரனுக்கு வேண்டிய லட்சணம் எதுவும் குறைவில்லை. 2021 ஏப்ரலில் இந்தப் படத்தை ரன்வீர் சிங்கை வைத்து இந்தியில் மறுபடி எடுக்கப்போவதாக ஷங்கர் அறிவித்தார். தயாரிப்பாளர் ஆஸ்கார் ரவிச்சந்திரன் உடனே எதிர்த்தார். கதையின் உரிமையை எழுத்தாளர் சுஜாதாவிடம் பணம் கொடுத்து வாங்கியவர் தாம் என்றார். கதை, திரைக்கதை, இயக்கம் என்று டைட்டிலில் இருப்பது தம் பெயர், சுஜாதா எழுதியது வசனம் மட்டுமே என்றார் ஷங்கர். அறிவித்தபடி இந்திப் படம் வரவில்லை. பதினாறு வருஷ இடைவெளி போதுமா போதாதா என்று அந்தச் சண்டையில் ஒருவரும் கேட்கவில்லை. யாருக்குச் சொந்தம் என்பதுதான் பேச்சாக இருந்தது.

ஹாலிவுட்டில் இதே பேச்சு கோடிக்கணக்கான டாலர் அளவில் நடக்கிறது. அங்கே ரசிகர்களின் புலம்பல் வேறு. நேற்றுத்தான் பார்த்த சூப்பர்ஹீரோவை இன்றைக்கே முகத்தை மாற்றி முதலிலிருந்து ஆரம்பிக்கிறார்களே, இதற்கொரு கணக்கு வேண்டாமா என்கிறார்கள். ஸ்பைடர்மேன்தான் எல்லோரும் காட்டும் சாட்சி. சாம் ரைமி இயக்கத்தில் டோபி மக்வயர் நடித்த மூன்று படங்கள் 2002, 2004, 2007இல் வந்தன. 2012இல் ஆண்ட்ரூ கார்ஃபீல்ட் அதே உடையைப் போட்டுக்கொண்டு அதே சிலந்தியிடம் கடிபட்டார். 2014இல் அவருக்கு இரண்டாவது படம். 2016இல் ‘கேப்டன் அமெரிக்கா: சிவில் வார்’ படத்துக்குள் டாம் ஹாலண்ட் குதித்தார், அடுத்த வருஷமே அவருக்குத் தனிப்படம். முதல் படம் பார்த்தபோது பள்ளிக்கூடத்தில் இருந்தவர், வேலைக்குப் போய்க் கல்யாணம் ஆவதற்குள் மூன்று பீட்டர் பார்க்கர்களைப் பார்த்துவிட்டார்.

சீக்கிரம் எடுத்தால் தோற்கும், ஆறப்போட்டு எடுத்தால் ஜெயிக்கும் என்பது கேட்பதற்குச் சரியாக இருக்கும். வசூல் கணக்கைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அப்படி இல்லை. ரைமியின் மூன்றாவது படம் உலகெங்கும் ஏறக்குறைய 89 கோடி டாலர் வசூலித்தது. ஐந்து வருஷம் கழித்து வந்த கார்ஃபீல்ட் படம் 75 கோடி, அதன் தொடர்ச்சி 70 கோடி என்று இறங்கின. அதற்கு மூன்றே வருஷத்தில் வந்த ஹாலண்டின் ‘ஹோம்கமிங்’ 88 கோடியைத் தொட்டது. இடைவெளி குறைந்தது, வசூல் ஏறியது. ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’ கதை இதற்கு நேர்மாறு. 2007க்குப் பிறகு எட்டு வருஷம் ஆறப்போட்டு 2015இல் புதிதாக எடுத்தார்கள். 17 கோடி டாலரைக்கூட எட்டாமல் விழுந்தது. அதே எட்டு வருஷ இடைவெளியில்தான், 1997இன் ‘பேட்மேன் அண்ட் ராபின்’ கெடுத்துவைத்த பெயரை 2005இல் நோலனின் ‘பேட்மேன் பிகின்ஸ்’ மீட்டெடுத்தது. ஆங் லீ 2003இல் எடுத்த ‘ஹல்க்’ படத்துக்கும் 2008இல் எட்வர்ட் நார்ட்டன் நடித்த மறுதொடக்கத்துக்கும் நடுவே ஐந்து வருஷம். இரண்டின் வசூலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். இந்த எண்களை எப்படிக் குலுக்கிப் போட்டாலும் காலண்டருக்கும் வெற்றிக்கும் முடிச்சுப் போட முடியவில்லை.

அப்படியானால் 2012இல் பார்வையாளர்கள் எதைக் கண்டு முகம் சுளித்தார்கள்? படத்தில் குறை சொல்லும்படி அதிகம் இல்லை. கார்ஃபீல்டும் எம்மா ஸ்டோனும் பேசிக்கொள்ளும் காட்சிகள் ரைமி படத்தின் காதல் காட்சிகளைவிட உயிரானவை. இர்ஃபான் கான்கூட ஒரு வேடத்தில் வந்தார். தடுக்கியது முதல் பாதி. சிலந்தி கடிக்க வேண்டும், கை சுவரில் ஒட்ட வேண்டும், பையன் திமிராக நடக்க வேண்டும், அதனால் மாமா சாக வேண்டும். எல்லாம் பத்து வருஷத்துக்கு முன் தெளிவாகச் சொல்லி முடிக்கப்பட்டவை. தெரிந்த கதையைத் தெரியாததுபோல் முகத்தை வைத்துக்கொண்டு கேட்கும்படி அந்தப் படம் பார்வையாளரைக் கேட்டுக்கொண்டது. ஹாலண்ட் படம் அந்த முதல் பாதியைத் தூக்கிக் கடாசிவிட்டது. சிலந்தி கடித்ததைப் பேச்சுவாக்கில் ஒரு வரியில் தாண்டி, நேரே பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்துவிட்டார்கள். பிறகு வந்தவர்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். மேட் ரீவ்ஸின் 2022 ‘தி பேட்மேன்’ படத்தில், பேட்மேனின் அம்மா கொலையாகும்போது அறுந்து சிதறும் முத்துமாலை இல்லை. ஜேம்ஸ் கன்னின் 2025 ‘சூப்பர்மேன்’, அவன் ஊருக்குத் தெரிந்து மூன்று வருஷம் ஆன நிலையில், அடிவாங்கி விழுவதில் ஆரம்பிக்கிறது. அதே வருஷம் வந்த ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்: ஃபர்ஸ்ட் ஸ்டெப்ஸ்’ நால்வரின் பிறப்புக் கதையை ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சிபோல் சில நிமிடங்களில் முடித்துவிடுகிறது.

நோலன் பிறப்புக் கதையையே முழுநீளப் படமாக எடுத்து ஜெயித்தாரே என்று கேட்டால், அதற்கு முன் யாரும் அதைத் திரையில் விரிவாகச் சொல்லியிருக்கவில்லை. 1989இல் டிம் பர்ட்டன் இருட்டுச் சந்தில் நடந்த கொலையைக் காட்டினார்; அந்தப் பையன் எங்கே போய் எப்படி இப்படியானான் என்பதை விட்டுவிட்டார். நோலனுக்கு அது காலி மனை. 2012 ஸ்பைடர்மேனை இயக்கிய மார்க் வெப்புக்குக் கிடைத்தது குடியிருந்த வீடு.

அவசரம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் இந்த விவகாரத்தின் சுவையான பகுதி. அது இயக்குநரின் மேசையிலிருந்து வருவது அரிது. பெரும்பாலும் வக்கீலின் மேசையிலிருந்து வருகிறது. 1990களில் மார்வெல் நிறுவனம் கடனில் மூழ்கி, 1996 கடைசியில் திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றப் படியேறியது. அந்தக் காலத்தில் கையில் இருந்த கதாபாத்திரங்களை ஆளுக்கொன்றாகப் படக் கம்பெனிகளுக்கு எழுதிக்கொடுத்தது. ஸ்பைடர்மேன் 1999இல் சோனிக்குப் போனான். எக்ஸ்மென் கூட்டம் ஃபாக்ஸுக்கு. இந்த ஒப்பந்தங்களில் ஒரு கண்ணி உண்டு: குறித்த காலத்துக்குள் அடுத்த படத்தை எடுக்காவிட்டால் உரிமை மார்வெலுக்கே திரும்பிவிடும். ரைமியின் நான்காவது படம் கதை சரிப்படாமல் 2010 ஜனவரியில் நின்றுபோனபோது சோனியால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியவில்லை. கதை பழுத்ததா என்று பார்க்க நேரம் இல்லை, கெடு ஓடிக்கொண்டிருந்தது. புது நடிகர், புது இயக்குநர், பழைய சிலந்தி என்று உடனே முடிவாயிற்று.

இதைவிட வேடிக்கையான முன்னுதாரணம் இருக்கிறது. ஃபென்டாஸ்டிக் ஃபோர் உரிமையை வைத்திருந்த ஜெர்மன் தயாரிப்பாளர் பெர்ன்ட் ஐஷிங்கருக்கு 1992 டிசம்பரோடு கெடு முடிய இருந்தது. மலிவுப் படங்களுக்குப் பேர்போன ராஜர் கோர்மனைப் பிடித்து, சுமார் பத்து லட்சம் டாலரில், அந்த வருஷம் முடிவதற்குள் படப்பிடிப்பைத் தொடங்கிவிட்டார்கள். நடித்தவர்கள் வெளியீட்டை நம்பித் தாங்களே ஊர் ஊராகப் போய் விளம்பரம் செய்தார்கள். படம் அதிகாரபூர்வமாக எந்தத் தியேட்டரிலும் வெளியாகவில்லை. உரிமை தங்கியது, அதே உரிமையில் 2005இல் பெரிய படம் வந்தது. பட்டா தங்க வேண்டுமென்று வயலில் பேருக்கு ஓர் ஏர் ஓட்டிவிட்டு வருகிற காரியம் இது.

ஓட்டாமல் விட்ட வயலும் உண்டு. ‘டேர்டெவில்’ உரிமை ஃபாக்ஸிடம் இருந்தது. 2003 படம் எடுபடவில்லை; மறுதொடக்கத்துக்கு ஏதேதோ பேசிப் பார்த்து, கெடுவுக்குள் எடுக்க முடியாமல் 2012இல் கைநழுவ விட்டார்கள். மார்வெலிடம் திரும்பிய அந்தக் கண்பார்வையற்ற வக்கீல் 2015இல் நெட்ஃபிளிக்ஸ் தொடராக வந்தபோது, ஒரு மணி நேரத்துக்கு ஒன்றாகப் பதின்மூன்று பகுதிகளில் மூச்சு விட்டுக்கொள்ள இடம் கிடைத்தது. கெடு வைத்து விரட்டாதபோது என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை.

சொந்தம் என்பதற்கு வேறொரு இலக்கணமும் தென்காசியில் கல்லில் வெட்டிக் கிடக்கிறது. காசி விசுவநாதர் கோயிலைப் பதினைந்தாம் நூற்றாண்டில் எழுப்பிய பராக்கிரம பாண்டியன், பின்னாளில் இந்தக் கோயிலுக்கு ஏதும் குறை நேர்ந்தால் அதைத் திருத்திக் காப்பவர் யாராக இருந்தாலும் அவரை இப்போதே வணங்குவதாகக் கல்வெட்டில் பாட்டாகப் பொறித்துவிட்டுப் போனான். நெடுங்காலம் மொட்டைக் கோபுரமாக நின்ற அதன் வாயில் 1990இல் ஒன்பது நிலை ராஜகோபுரமாக மறுபடி எழுந்தது. பாண்டியன் கெடு வைக்கவில்லை. பெயர் தெரியாத ஒருவருக்கு அவன் வேலையை ஒப்படைத்திருக்கிறான்.

சூப்பர்ஹீரோக்கள் பிறந்த காமிக்ஸ் உலகம் இந்த மறுதொடக்கத்துக்கு வெட்கப்பட்டதே இல்லை. 1940இல் பிறந்த ஃபிளாஷ் வேறு ஆள். 1956இல் அதே பெயரில் புது உடை, புதுக் கதையோடு வந்தவர் வேறு ஆள். டிசி நிறுவனம் 1985-86இல் தன் உலகங்களையெல்லாம் ஒன்றாக உருக்கி வார்த்து, சூப்பர்மேனை மறுபடி பிறக்க வைத்தது. 2011 செப்டம்பரில் 52 இதழ்களை ஒரே மாதத்தில் ஒன்றாம் எண்ணிலிருந்து தொடங்கியது. ஐந்து வருஷத்தில், 2016இல், அதையும் மாற்றியது. வாரச் செலவுக்குக் கிடைக்கும் காசில் காமிக்ஸ் வாங்கும் பையனுக்கு நாற்பது வருஷக் கதை பாரம்தான். அவனுக்கு ஒன்றாம் எண் வேண்டும். இதற்கு லீ ஃபாக் 1936இலேயே அழகான உபாயம் கண்டுவிட்டார். ராணி காமிக்ஸ் வாசகர்கள் மாயாவி என்று கூப்பிட்ட அந்தக் காட்டு வீரன் சாவதே இல்லை என்று பழங்குடிகள் நம்புவார்கள்; உண்மையில் அப்பன் செத்தால் மகன் முகமூடியை மாட்டிக்கொள்வான். ஆளை மாற்றுவது கதைக்குள்ளேயே நடந்துவிடுகிறது. தென்காசிக்கு வடக்கே சிவகாசியில் 1972இல் முத்து காமிக்ஸ் தொடங்கியபோது முதல் இதழிலேயே வந்தவன் இரும்புக்கை மாயாவி. அந்த பிரிட்டிஷ் கதைகள் தமிழில் எத்தனையோ முறை மறுபதிப்புக் கண்டுவிட்டன. வாங்குகிறவர்களில் பாதிப்பேர் தாத்தாக்கள். அவர்களுக்கு யாரும் புதுக் கதை சொல்ல வேண்டாம். பழைய அட்டையும் பழைய மொழிபெயர்ப்பும் மாறாமல் இருந்தால் போதும்.

தெரிந்த கதையையே கேட்க மனிதர்கள் விரும்புவார்கள் என்பதற்குச் சிவகாசி வரை போக வேண்டியதில்லை. தென்காசி, கடையம், ஆலங்குளம் பக்கத்துக் கிராமங்களில் கொடை நடக்கும் ராத்திரியில் சுடலைமாடன் கோயிலடியில் வில்லுப்பாட்டு கேட்க நின்றால் போதும். வில்லின் நாணில் கட்டிய மணிகள் வீசுகோல் பட்டுக் குலுங்கும். குடம், உடுக்கு, ஜால்ரா சேர்ந்துகொள்ளும். கைலாசத்தில் விளக்குச் சுடரிலிருந்து பிள்ளை பிறந்ததும், தொட்டிலை விட்டு இறங்கிச் சுடுகாட்டுக்குப் போய்ப் பிணம் தின்றதும், பூமிக்கு அனுப்பப்பட்டதும் வருஷா வருஷம் அதே வரிசையில் வரும். பின்பாட்டுக்காரர் ஒவ்வோர் அடிக்கும் ‘ஆமா’ போடுவார். உட்கார்ந்திருக்கும் கிழவிக்கு அடுத்து என்ன வரும் என்பது பாடுகிறவரைவிட நன்றாகத் தெரியும். இடைவெளி பன்னிரண்டே மாதம். பிறப்புக் கதையைத்தான் மறுபடி சொல்கிறார்கள். ‘போன வருஷம்தானே கேட்டோம்’ என்று யாரும் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போவதில்லை.

ஏன் என்பதற்கு விடை மேடையில் இருக்கிறது. அங்கே யாரும் கதையைப் புதிது என்று விற்கவில்லை. சாமி வந்து இறங்க வேண்டும், அதற்குப் பிறப்புப் பாட வேண்டும். சாமக் கொடை நெருங்கிவிட்டால் பாடகர் நடுவிலே சிலதைத் தாண்டுவார். கோமரத்தாடிக்கு அருள் ஏறும் நேரம் வந்தால் ஒரே அடியை மடக்கி மடக்கிப் பாடுவார். கதை ஒன்றே, அன்றைய ராத்திரிக்கு ஏற்ப அதை நீட்டுவதும் குறுக்குவதும் அவர் தொழில். 2018இல் வந்து ஆஸ்கர் வாங்கிய ‘ஸ்பைடர்மேன்: இன்டு தி ஸ்பைடர்வெர்ஸ்’ அனிமேஷன் படம் அமெரிக்காவில் உட்கார்ந்து இதே வித்தையைச் செய்தது. வருகிற ஒவ்வொரு சிலந்தி மனிதரும் தன் பிறப்புக் கதையை ஒரே பாணியில், ஓட்டமாக, உங்களுக்கு இது தெரியும் என்ற சிரிப்போடு சொல்வார். தியேட்டர் சேர்ந்து சிரித்தது. 2012இல் அலுத்த அதே கதைதான்.

திரும்பச் சொல்வதில் ஆபத்தே இல்லை என்று சொல்லிவிட முடியாது. பொதிகை மலையடியில் வழங்கும் முத்துப்பட்டன் கதையை எடுத்துக்கொள்ளலாம். பிராமண குலத்தில் பிறந்து, செருப்புத் தைக்கும் குடும்பத்தின் பொம்மக்கா, திம்மக்காவைக் கல்யாணம் செய்துகொண்டு, மாமனாரின் மாட்டுப்பட்டியைக் காக்கப் போராடி உயிர்விட்டவன் பட்டன். பாபநாசத்துக்கு மேலே சொரிமுத்து அய்யனார் கோயிலில் இன்றும் அவனுக்குப் பூசை உண்டு. பேராசிரியர் நா. வானமாமலை பதிப்பித்த கதைப்பாடல் 1971இல் மதுரைப் பல்கலைக்கழக வெளியீடாக வந்தது. அந்தப் பெண்கள் உண்மையில் பிராமணக் குழந்தைகள், காட்டில் கிடந்தவர்களைச் சக்கிலியர் எடுத்து வளர்த்தார்கள் என்று சில வடிவங்களில் ஒரு முன்கதை ஒட்டப்பட்டிருக்கிறது. மேல்சாதிக்காரர் மனம் கோணாதிருக்கச் செய்த ஒட்டு அது என்பதை வானமாமலை எடுத்துக்காட்டினார். வீரனின் பிறப்பைத் திருத்தி எழுதும்போது, எழுதுகிறவருக்கு என்ன தேவை என்று கேட்கத்தான் வேண்டும். சோனிக்கு உரிமை தங்க வேண்டியிருந்தது. இங்கே சாதி தங்க வேண்டியிருந்தது.

தமிழ் சினிமா பிறந்ததே மறுதொடக்கத்தில்தான். மேடையில் ஆயிரம் முறை ஆடிய வள்ளி திருமணம் 1933இல் படமானது, 1945இல் ‘ஸ்ரீவள்ளி’ என்று மறுபடி வந்தது, 1961இல் சிவாஜியையும் பத்மினியையும் வைத்து மீண்டும் வந்தது. அலிபாபா 1941இல் என்.எஸ். கிருஷ்ணனுக்கு, 1956இல் எம்.ஜி.ஆருக்கு. இந்த வரிசையில் இப்போதைய கேள்விக்கு மிக நெருக்கமானவர் நந்தனார். 1935இல் கே.பி. சுந்தராம்பாளை ஆண் வேடத்தில் நந்தனாராக்கிய படத்துக்கு அவருக்குக் கொடுத்த சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். நாடே வாயைப் பிளந்தது, படம் ஓடவில்லை. ஏழே வருஷத்தில், 1942இல், ஜெமினி அதே கதையைத் தண்டபாணி தேசிகரை வைத்து எடுத்தது. பிரமாதமாக ஓடியது. சீக்கிரம் என்று அப்போது யாரும் சொல்லவில்லை. முதல் படம் தவறவிட்டதை இரண்டாவது எட்டிப்பிடித்தது, அவ்வளவுதான்.

பிற்காலக் கணக்கும் இதே மாதிரி ஒழுங்கில்லாமல்தான் இருக்கிறது. 1980இன் ‘பில்லா’வை 27 வருஷம் கழித்து விஷ்ணுவர்தன் அஜித்தை வைத்து எடுத்தபோது கூட்டம் அள்ளியது. அடுத்து, அந்த பில்லா யார், எங்கிருந்து வந்தான் என்று 2012இல் ஒரு பிறப்புக் கதை எடுத்தார்கள். கண்ணாடியும் கோட்டும் போட்டு நடந்துவரும் ஒருவனின் பால்ய காலத்தை யாரும் கேட்டிருக்கவில்லை; படமும் சுணங்கியது. அதே 2012இல், 32 வருஷ இடைவெளியில் வந்த ‘முரட்டுக்காளை’ வந்த சுவடு தெரியாமல் போயிற்று. சுஜாதா கதை வசனத்தில் 1986இல் வந்த ‘விக்ரம்’ பெயரையும் உளவாளியையும் எடுத்துக்கொண்டு 2022இல் லோகேஷ் கனகராஜ் செய்தது பெருவெற்றி. 28 வருஷம் காத்திருந்து 2024இல் வந்த ‘இந்தியன் 2’ என்னவானது என்பது எல்லோருக்கும் தெரியும். இன்னொரு பக்கம் வீரபாண்டிய கட்டபொம்மன். மேடையில் முழங்கிவிட்டு 1959இல் திரைக்கு வந்த சிவாஜியின் கட்டபொம்மனை அறுபது வருஷம் தாண்டியும் தமிழில் யாரும் பெரிதாக மறுபடி தொடவில்லை. அந்தக் குரலுக்கு எதிரே நிற்க யாருக்கும் தைரியம் வரவில்லை என்பதே காரணமாக இருக்க வேண்டும். இதே தென்காசி மாவட்டத்து நெற்கட்டும்செவலில் கோட்டை கட்டி ஆண்ட பூலித்தேவனுக்கோ, மறுதொடக்கம் இருக்கட்டும், அந்த அளவுக்கு ஒரு தொடக்கமே அமையவில்லை. சீக்கிரம் எடுக்கிறார்கள் என்று வருத்தப்படுகிறவர்கள் இந்தக் காலதாமதத்தையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

முகமூடி போட்ட தமிழ் வீரர்கள் ஏன் ஒரு படத்தோடு நின்றுவிடுகிறார்கள் என்பதற்கும் இங்கேதான் துப்பு. சேவல் வேடம் போட்ட ‘கந்தசாமி’ 2009இல், மிஷ்கினின் ‘முகமூடி’ 2012இல், சிவகார்த்திகேயனின் ‘ஹீரோ’ 2019இல் வந்தன. ஒன்றுக்கும் தொடர்ச்சி இல்லை. தமிழில் தொடர் என்பது நடிகர்தான்; முகமூடி தேவைப்படுவதில்லை. அறிமுகப் பாட்டு, தலைகோதல், முதல் சண்டை, ஏழைக்கு உதவி, பணக்காரனுக்கு அடி என்று ஒவ்வொரு தீபாவளிக்கும் ஒரே வீரன் வேறு பெயரில் முதலிலிருந்து தொடங்குகிறான். ஷங்கரையே பாருங்கள். 1993இல் ‘ஜென்டில்மேன்’, 1996இல் ‘இந்தியன்’, 2005இல் ‘அந்நியன்’. ஊழலுக்குத் தனியாளாகத் தண்டனை கொடுக்கும் ஒரே ஆளைத்தான் பன்னிரண்டு வருஷத்தில் மூன்று முறை தொடங்கிவைத்தார். மூன்றும் ஓடின. பெயர் மாறியதால் அதை ரீபூட் என்று யாரும் சொல்லவில்லை. பழைய பெயரையே வைத்துக்கொண்டு திரும்பி வந்தபோதுதான் இடறியது. மூன்று பீட்டர் பார்க்கர்களைக் கேலிசெய்யும் தமிழ் ரசிகர் இதைக் கவனிப்பதில்லை. பக்கத்து மலையாளத்தில் 2021இன் ‘மின்னல் முரளி’யும் 2025இன் ‘லோகா’வும் நட்சத்திரத்தை நம்பாமல் பாத்திரத்தை நம்பி எடுக்கப்பட்டவை; அவற்றுக்கு நாளைக்கு வேறு முகம் போட்டுப் பார்க்கவும் வழியுண்டு.

மறுதொடக்கத்தை ஆதரிப்பவர்களுக்கும் வலுவான ஒரு வாதம் இருக்கிறது. மறுதொடக்கமே வேண்டாம், தொடர்ந்துகொண்டே போங்கள் என்றால் என்ன ஆகும் என்பதை மார்வெல் செய்து காட்டிவிட்டது. 2008இன் ‘அயர்ன் மேன்’ முதல் 2019இன் ‘எண்ட்கேம்’ வரை 22 படங்கள் ஒரே நூலில் கோக்கப்பட்டன. உலகம் மாலையைத் தூக்கிவைத்துக் கொண்டாடியது. பிறகு அந்த நூலே கழுத்தை நெரித்தது. ஒரு படத்தைப் புரிந்துகொள்ள நான்கு படமும் மூன்று வலைத்தொடரும் பார்த்திருக்க வேண்டும் என்றால், குற்றாலத்தில் மழை பெய்து அருவியில் குளிக்கத் தடை விழுந்த மத்தியானத்தில் சும்மா தியேட்டருக்குள் நுழையும் குடும்பம் என்ன செய்யும்? 2023இன் ‘தி மார்வெல்ஸ்’ அந்த நிறுவனத்தின் வரலாற்றிலேயே குறைந்த வசூலைப் பார்த்தது. டிசி பத்து வருஷமாகக் கட்டிய தன் பட உலகத்தை 2023 டிசம்பரோடு இழுத்து மூடிவிட்டு, ஒன்றரை வருஷத்தில் புது சூப்பர்மேனோடு வந்தது. 61 கோடி டாலருக்கு மேல் வசூல். முன்கதை எதையும் கேட்காத படம் என்பதுதான் அதற்குக் கிடைத்த பாராட்டில் பாதி.

பழைய முகத்தையே திரும்பக் கூட்டிவருவது மூன்றாவது வழி. 2021இல் ‘நோ வே ஹோம்’ மூன்று சிலந்தி மனிதர்களையும் ஒரே சட்டகத்தில் நிறுத்தி 190 கோடி டாலர் அள்ளியது. அதில் அதிகம் கைதட்டு வாங்கியவர்களில் ஒருவர், பாதியில் கழற்றிவிடப்பட்ட கார்ஃபீல்ட். 2017இல் ‘லோகன்’ படத்தில் கண்ணீரோடு அடக்கம் செய்த வுல்வரினை 2024இல் தோண்டி எடுத்துவந்து 130 கோடி டாலர் பார்த்தார்கள். இது மறுதொடக்கத்தைவிட மோசமான பழக்கம் என்றே தோன்றுகிறது. புது நடிகரை நம்பி எடுத்த படம் தோற்றாலும் ஒருவருக்குப் புதிதாக ஒரு வேடம் கிடைத்திருக்கும். இதில் கிடைப்பது பழைய ஆல்பம்.

சின்னப் பிள்ளைகளைக் கேட்டால் இந்தச் சர்ச்சையே கரைந்துபோகும். 2002 படமே தமிழ் பேசிக்கொண்டுதான் நம் ஊர்களுக்கு வந்தது. 2007 படத்தைப் போஜ்புரிக்கும் கொண்டுபோனார்கள். 2023இன் ‘அக்ராஸ் தி ஸ்பைடர்வெர்ஸ்’ இந்தியாவில் பத்து மொழிகளில் வெளியானது. 2004இல் இந்தியக் காமிக்ஸுக்காக உருவாக்கப்பட்ட பவித்ர பிரபாகர் அதில் பறந்தான். தமிழ்க் குரல் கொடுப்பவர் மாறாவிட்டால் முகம் மாறியதைப் பையன் பொருட்படுத்துவதில்லை. அவனுக்கு 2002, 2012, 2017 என்ற வரிசையும் கிடையாது. மூன்று பேரும் ஒரே செல்போனில், ஒரே சாயங்காலத்தில் அடுத்தடுத்து வருகிறார்கள். பத்து வயதில் ரைமி படம் பார்த்தவருக்கு வெப் படம் சீக்கிரம். அப்போது பிறந்தே இராத பிள்ளைக்கு எதுவும் சீக்கிரமில்லை.

ஆகவே வருஷக் கணக்கை விட்டுவிட்டு வேறு இரண்டைக் கேட்பதுதான் உருப்படியான விமர்சனம். ஏற்கெனவே நன்றாகச் சொல்லப்பட்ட பிறப்பை மறுபடி புதிது என்று விற்கிறார்களா? கெடு இல்லாவிட்டாலும் இதை எடுத்திருப்பார்களா? வெப்பின் ஸ்பைடர்மேன் இரண்டிலும் தேறாது. ஜெமினியின் நந்தனார் இரண்டிலும் தேறுவார். 2025இன் ஃபென்டாஸ்டிக் ஃபோர், பத்து வருஷம் ஆறப்போட்டதாலல்ல, நால்வரையும் 1960களின் கற்பனை நகரத்தில் குடும்பமாக உட்காரவைத்துச் சாப்பாட்டு மேசையிலிருந்து கதையைத் தொடங்கியதால் முந்தைய மூன்று முயற்சிகளையும் தாண்டியது. வசூல் 52 கோடி டாலரைச் சுற்றி நின்றது உண்மைதான். படம் நின்றது அதைவிட உறுதியாக.

இடைவெளி பற்றிய கவலையை பேட்மேன் இன்னொரு படி தாண்டிவிட்டான். மேட் ரீவ்ஸ் இயக்கத்தில் ராபர்ட் பாட்டின்சன் நடிக்கும் இரண்டாவது பேட்மேன் படத்துக்கு 2027 அக்டோபர் என்று தேதி குறித்திருக்கிறார்கள். அது ஜேம்ஸ் கன்னின் புதிய டிசி உலகத்தில் சேராது. அந்த உலகத்துக்கென்று வேறொரு பேட்மேன் வேண்டுமாம். அவனும் அவன் மகனும் வரும் படத்தை 2023 ஜனவரியிலேயே அறிவித்துவிட்டார்கள். ஜோக்கர் விஷயத்தில் இது ஏற்கெனவே நடந்திருக்கிறது: 2016இல் ஜாரெட் லெட்டோ, 2019இல் ஹோக்கின் ஃபீனிக்ஸ், 2022இல் பேரி கியோகன், மூன்றும் ஒன்றுக்கொன்று ஒட்டாத உலகங்கள். ஃபீனிக்ஸுக்கு ஆஸ்கர் கொடுத்தபோது லெட்டோவின் ஜோக்கருக்கு அவர் என்ன உறவு என்று ஒருவரும் குழம்பவில்லை. இரண்டு பேட்மேன்கள் ஒரே வருஷத்தில் அடுத்தடுத்த திரைகளில் ஓடினால், டிக்கெட் கவுண்டரில் எந்த பேட்மேனுக்கு என்று கேட்டு வாங்க வேண்டியிருக்கும்.